முதல் வந்தவருக்குப் பச்சை

முற்றவெளி மேற்கு வாசலில்
மூவாயிரம் ரூபாய் நாட்கூலிக்கு நின்றேன்.
ஆட்கள் போனில் கட்டத்தைக் காட்டுவார்கள்
என் கையில் இருக்கிற மெஷின் பார்க்கும்.
பச்சை விழுந்தால் "போங்கோ."
சிவப்பு விழுந்தால் "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."
இரண்டு வசனம், அவ்வளவுதான் வேலை.

ஆறு மணி.
சுன்னாகத்திலிருந்து புதுச் சோடி,
அவளுக்கு மருதாணி இன்னும் மங்கவில்லை.
சோடி ரிக்கெற், இலக்கம் நாற்பத்தேழு.
பச்சை.
"நான் சொன்னனான்தானே, நல்ல பெடியனெண்டு.
பாதி விலைக்கெல்லோ தந்தவன்"
சொல்லிக்கொண்டே போனான் மாப்பிள்ளை.

ஆறு இருபது.
சாவகச்சேரியிலிருந்து இரண்டு தாதிப் பிள்ளைகள்.
நாற்பத்தேழு.
சிவப்பு.
துடைத்துப் பார்த்தேன், போனையும் என் மெஷினையும்.
சிவப்பு.

பிறகு கொக்குவில்,
தோளில் மகள், மகளின் தலையில்
மினுங்கும் முயல் காது.
நாற்பத்தேழு.
பிறகு மானிப்பாய். பிறகு இரண்டு கிளிநொச்சி,
வான் பிடித்து வந்தவர்கள்.

வேலியோரம் நின்று
ஒருவரின் போனை ஒருவர் வாசித்தார்கள்.
ஒரே வசனம்:
"கனடாவிலிருந்து மாமா வந்திட்டார்,
போக ஏலாது, அதான் விக்கிறன்."
அந்த மாமா ஒரே கிழமையில்
ஐந்து தரம் பலாலியில் இறங்கியிருந்தார்.
"கெதியாப் போடுங்கோ, இன்னும் நாலு பேர் கேக்கினம்."
அந்த நாலு பேர் பொய்யில்லை.
இப்போது பக்கத்தில்தான் நின்றார்கள்.

"குரல் கேட்டனீங்களோ?" என்றேன்.
இல்லை.
கணக்கு ஆரின்ர பேரில்?
மானிப்பாய்க்காரர் சிலிப்பை விரித்துப் பார்த்தார்.
காசு போட்ட நாளிலிருந்து
முதல் தரமாக அந்தப் பெயரை வாசித்தார்.

அப்போதுதான் கண்டேன்,
எல்லாப் படத்திலும் மூலையில் ஒரு பெருவிரல்.
நீல நகப்பூச்சு.
ரிக்கெற்றைப் பிடித்திருந்தது.

ஏழே கால்.
வல்லைவெளியில் பஸ்ஸுக்குக் காற்றுப் போய்
வியர்த்து வந்தாள் நெல்லியடித் திவாகலா,
தங்கச்சியோடு.
கடதாசியில் அச்சடித்த ரிக்கெற்.
விலைச்சிட்டை. அடையாள அட்டை.
நீட்டிய கையில் அந்தப் பெருவிரல்.
பூச்சு பாதி உரிந்திருந்தது.

நாற்பத்தேழு.
சிவப்பு.

"மூண்டு கிழமைக்கு முதலே வாங்கினது," என்றாள்.
"வாங்கின அண்டைக்கே முகநூலில படம்கூடப் போட்டனான்.
இருநூறு பேர் விருப்பம் போட்டவை."

பொறுப்பாளர் யசிந்தன் அண்ணையைக் கூப்பிட்டேன்.
"கட்டத்துக்கு ஒரு தரம்தான், தங்கச்சி.
உள்ள போன ஆளை
இந்தச் சனத்துக்க எங்க தேடுறது?"
ஐயாயிரம் தலைகள்.
மேளம் தொடங்கிவிட்டது.

நான் என் இரண்டாவது வசனத்தைச் சொன்னேன்.
உண்மையான ரிக்கெற்றுக்கும் அதே வசனம்தான்.

வேலியோரம் அவளுக்கு இடம் விட்டார்கள்.
பிறகு தாதிப் பிள்ளைகளில் ஒருத்தி
விரலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்,
திரும்ப விரலைப் பார்த்தாள்.
"நீர் அந்தப் படத்தைப் போடாமல் விட்டிருந்தால்..."
மற்றவர்களும் திரும்பினார்கள்.
கள்ளனுக்கு முகமில்லை, குரலில்லை.
அவர்களிடம் இருந்தது இந்தப் பெருவிரல் மட்டும்தான்.
அவள் அதை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள்.

முயல் காது மட்டும்
பாட்டுக்குத் தக்கபடி ஆடியது.
பண்ணைப் பக்கக் காற்று
பாதிப் பாட்டைக் கடலுக்குக் கொண்டுபோனது.

பத்தரை மணி. சனம் கலைகிறது.
சுன்னாகத்துச் சோடி வந்தது,
அவன் குரல் கம்மி, அவள் செருப்பைக் கையில் பிடித்து.
"நல்ல இடம், தங்கச்சி. மேடைக்குக் கிட்ட.
அடுத்த முறை நீங்களும் பாக்க வேணுமெண்டால்
அந்தப் பெடியன்ர நம்பர் தரட்டோ?
நம்பிக்கையான ஆள்."

வேலியோரம் இப்போது ஒருவருமில்லை.
யாரோ சிலிப்பைக் கிழித்துப் போட்டிருந்தார்கள்.

"தாங்கோ," என்றேன்.
பேனை தேடினேன்.